சுவருக்குப் பின்னாடி தண்ணி எங்க போகும்?

சுவர்ல விட்டிருந்த ஓட்டையை எல்லாம் சிமென்ட் வெச்சு அடைச்சிருக்காங்க.

பார்த்ததுல இருந்து மனசு ஆறவே மாட்டேங்குது. அதான் உக்காந்து எழுதறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்துல, சொந்தக்காரர் ஒருத்தரோட தோட்டம். சரிவான நிலம். மேல மண்ணை நிரவி, கீழ 5 அடி உயரத்துக்கு சாலிட் பிளாக்ல தடுப்புச் சுவர் எழுப்பி, பூசி, வெள்ளையடிச்சு, பளிச்சுன்னு வெச்சிருக்காரு. கட்டுன மேஸ்திரி விவரமான ஆளு. நாலடிக்கு ஒரு பிவிசி பைப் துண்டு சொருகி, பின்னாடி தேங்குற தண்ணி வெளிய வர வழி விட்டிருக்காரு. மழை பெய்ஞ்சா அது வழியா செம்மண் தண்ணி வடிஞ்சு, வெள்ளைச் சுவர்ல கோடு கோடா கறை. அது வீட்டுக்காரருக்குப் பிடிக்கல. அத்தனை பைப்பையும் அடைச்சுட்டாரு.

"மாமா, அந்த ஓட்டைங்கதான் இந்தச் சுவரைக் காப்பாத்துது. தயவு பண்ணி தொறந்து விடுங்க"ன்னேன்.

சிரிச்சாரு. "நீ கம்பிக்கூண்டுல கல்லைக் கொட்டி அடுக்கி வெச்சிருக்கற, அதைப் போய் சுவருங்கற. என்னுது சிமென்ட்டு, கண்ணு. மலையே வந்தாலும் அசையாது"ன்னாரு.

மலை வரவேண்டாம். தண்ணி வந்தா போதும்.

2024 டிசம்பர் மாசத் தொடக்கம் நம்ம தருமபுரி மாவட்டத்துக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, வேகமா கலையாம நகர்ந்து நகர்ந்து நம்ம பக்கம் வந்துச்சு. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். அரூர்ல 33 சென்டிமீட்டர். வருஷம் முழுக்க 85 சென்டிமீட்டர் சுமாரா பெய்யற ஊர்ல, ஒரே நாள்ல அதுல மூணுல ஒரு பங்குக்கும் மேல.

கணக்குப் போட்டுப் பாருங்க. 33 சென்டிமீட்டர் மழைன்னா ஒரு சென்ட் நிலத்துல விழுற தண்ணி 13,000 லிட்டருக்கு மேல. ஒரு சென்ட்டுக்கு ஒரு டேங்கர் லாரித் தண்ணிய கொண்டுவந்து கவுத்த மாதிரி. உங்க சுவருக்கு மேல சரிவுல 20 சென்ட் நிலம் இருந்தா 20 டேங்கர். அதுல ஒரு பகுதி மேலாப்புல ஓடிரும். மிச்சம் மண்ணுக்குள்ள இறங்கி, சுவர் முதுகுல வந்து நிக்கும்.

நின்னு என்ன பண்ணும்? தள்ளும்.

இந்த இடத்துல கொஞ்சம் நம்பர் சொல்றேன், பொறுத்துக்கங்க. (இன்ஜினியருங்க நான் தோராயப்படுத்தறதை மன்னிக்கணும்.)

ஒரு மீட்டர் உயரம், அதாவது மூணேகால் அடி, மண்ணைத் தாங்குற சுவர்னு வெச்சுக்குங்க. மண்ணு காஞ்சிருந்தா, சுவரோட ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 300 கிலோ தள்ளும். அதே மண்ணு முழுக்க ஊறி, தண்ணி வடிய வழியில்லாம நின்னா? 650 கிலோவுக்கு மேல போயிடும். ரெண்டு மடங்கு. மண்ணு அதே மண்ணுதான். கூட வந்து நிக்கறது தண்ணி.

உயரத்தை ரெண்டு மீட்டர் ஆக்குனா தள்ளுற பலம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். காஞ்ச மண்ணுக்கே 1,200 கிலோ. ஊறுன மண்ணுக்கு 2,600. சுவரைக் குப்புறக் கவுக்கற முறுக்கு எட்டு மடங்கு ஏறும். "மூணடிச் சுவர் நல்லா நிக்குதே, அதே மாதிரி ஆறடி கட்டிடலாம்"னு யாராவது சொன்னா, இதைச் சொல்லுங்க.

இப்ப பிளாக் சுவருக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல கிடைக்கிற சாலிட் பிளாக் 16-க்கு 8 இன்ச், கனம் 4, 6, 8 இன்ச்சுன்னு வரும். 8 இன்ச் கனத்துல ஒத்தை வரிசையா ஒரு மீட்டர் உயரம் எழுப்புனா, ஒரு மீட்டர் நீளச் சுவரோட மொத்த எடை சுமார் 440 கிலோ. தள்ளுற 300 கிலோவை இந்த எடை தனியா தாங்காது. வழுக்கவும் செய்யும், கவுறவும் செய்யும். அப்புறம் எப்படி நிக்குதுங்கறீங்களா? அஸ்திவாரம் பிடிச்சு வெச்சிருக்கு, நடுநடுவுல போட்ட கான்கிரீட் பில்லர் பிடிச்சு வெச்சிருக்கு, சாந்து ஒட்டிப் பிடிச்சிருக்கு. இதுல ஏதாவது ஒண்ணு விட்டாலும் கதை முடிஞ்சது. சுவர் மெதுவா வயிறு தள்ளும். அப்புறம் கிடைமட்டமா, தரையில இருந்து மூணாவது நாலாவது வரியில, நூல் மாதிரி ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசலைப் பார்த்துப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

அதுக்காக நான் பிளாக்குக்கு எதிரி கிடையாது. ரெண்டடிக்குள்ள பூச்செடி மேடை, காய்கறிப் பாத்தி, வீட்டைச் சுத்தி நடைபாதை ஓரம், இதுக்கெல்லாம் பிளாக்தான் வசதி. நேரா வரும், உக்காந்து பேசலாம், இடம் அடைக்காது. மூணடிக்கு மேல போகணும்னா ஹாலோ பிளாக்ல கம்பி எழுப்பி, குழிக்குள்ள கான்கிரீட் நிரப்பி, அடியில மண்ணுப் பக்கமா நீட்டிப் போட்ட கான்கிரீட் பாதத்தோட கட்டணும். அந்தப் பாதத்து மேல உக்கார்ற மண்ணோட எடையே சுவரைப் பிடிச்சு வெச்சுக்கும். இப்படிக் கட்டுனா பிளாக் சுவர் அருமையான சுவர். ஆனா இப்படிக் கட்டுறதுக்கு ஆகுற செலவை யாரும் முதல்ல சொல்றதில்லை. "ஒரு பிளாக் இவ்ளோ ரூபா, இத்தனை பிளாக் வேணும்"னு மட்டும்தான் கணக்கு வருது.

இன்னொண்ணு. நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு ஏறுற இடத்துல ரெண்டு பக்கமும் 20 அடி, 25 அடிக்கு கான்கிரீட் பலகை அடுக்கி நிக்கறதைக் காட்டி, "அது நிக்குது, இது நிக்காதா?"ன்னு கேக்கறாங்க. அங்க பலகை வெறும் முகம்தாங்க. பின்னாடி மண்ணுக்குள்ள வரிசை வரிசையா பட்டையோ வலையோ பரப்பி, உருளை விட்டு இறுக்கி, மண்ணையே ஒரு கட்டியா ஆக்கியிருப்பாங்க. நாம பார்க்கறது மூஞ்சி. வேலை செய்யறது முதுகு.

சரி, கம்பிக்கூண்டு.

கேபியன்னு சொல்றது இதைத்தான். கம்பி வலையில செஞ்ச பெட்டி. உள்ள கல்லை அடுக்கி, மூடி போட்டுக் கட்டிட்டா அதுவே ஒரு பெரிய செங்கல். புதுசு ஒண்ணும் இல்ல. இத்தாலியில போலோன்யா பக்கத்துல ரேனோ ஆத்துக் கரையை 1890-கள்லயே மக்காஃபெர்ரி கம்பெனிக்காரங்க கம்பிப் பையில கல்லைப் போட்டுக் கட்டியிருக்காங்க. நம்ம பக்கம் ஓடையில தடுப்பணை கட்டறதுக்கும், மலைப்பாதையில சரியற ஓரத்தைத் தாங்கறதுக்கும் இதைப் பார்த்திருப்பீங்க. தோட்டத்துக்குக் கொண்டுவர்றதுலதான் நமக்குத் தயக்கம்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் இருக்கற கூண்டுல கல்லை நெருக்கி அடுக்குனா எடை 1,700 கிலோ பக்கம் வரும். தள்ளுற 300 கிலோ அதை ஒண்ணும் பண்ண முடியாது. அதோட, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு வெத்திடம். தண்ணி வந்தா நிக்கவே நிக்காது, முழுச் சுவரும் வடியற ஓட்டைதான். அடைக்கறதுக்கு எங்க மாமாவே வந்தாலும் முடியாது.

இன்னொரு குணமும் இதுல எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடியில மண்ணு லேசா உக்காந்தா, இதுவும் கூடவே உக்காந்துக்கும். பிளாக் சுவர் விரியும், இது கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். அரூர் பக்கம் கரிசல் மாதிரி களிமண்ணு இருக்கற நிலம் கோடையில வெடிச்சு, மழையில உப்பி எழுந்துக்குமே, அங்கெல்லாம் இந்தக் குணம் பெரிய வரம்.

இப்ப, "கூண்டு வாங்கி, கல்லைக் கொட்டி, மூடி போட்டா ஆச்சு"ன்னு நினைக்கறவங்களுக்கு.

கொட்டக்கூடாது. அடுக்கணும்.

எங்க தோட்டத்துல வேலை நடந்தப்ப ஜேசிபி டிரைவர், "அண்ணா, பக்கெட்ல அள்ளிக் கொட்டிர்றேன், அரை நாள்ல முடிஞ்சிரும்"னாரு. ஒரு பெட்டியில மட்டும் பாதி வரை அப்படிப் போட்டுப் பார்த்தோம். முன்பக்க வலை கையால தொட்டாலே தொந்தி மாதிரி தெரிஞ்சது. எடுத்துட்டு, முகப்புக் கல்லை எல்லாம் கையில வெச்சு, நடுவுல மட்டும் கூடையில கொட்டுனோம். அதுதான் சரிப்பட்டு வந்துச்சு.

முறை இதுதான். மூணுல ஒரு பங்கு உயரம் அடுக்கணும். அப்புறம் முன் வலையையும் பின் வலையையும் குறுக்கால கம்பி போட்டு இழுத்துக் கட்டணும். மறுபடி மூணுல ஒரு பங்கு. மறுபடி கம்பி. கடைசியில விளிம்புக்கு மேல ரெண்டு மூணு விரல்கடை கூடவே கல்லு வெச்சு மூடணும், ஏன்னா நாளாவட்டத்துல கல்லு உக்காரும். மூடியோட விளிம்பைக் கட்டும்போது ஒரு சுத்து, அடுத்தது ரெட்டைச் சுத்து, மறுபடி ஒரு சுத்துன்னு மாத்தி மாத்திப் போகணும். நடுவுல ஒரு இடத்துல கம்பி அறுந்தாலும் முழுசும் கழண்டு வராது.

கல்லு அளவு? வலைக் கண்ணை விட ஒண்ணரை மடங்காவது பெருசா இருக்கணும். 10 சென்டிமீட்டர் கண்ணுன்னா 15-ல இருந்து 25 சென்டிமீட்டர் கல்லு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு கையால தூக்க முடியாது, ரெண்டு கையால சுலபமா தூக்கலாம், அந்த அளவு. சின்ன அரளைக்கல்லு முகப்புல வேண்டாம், நடுவுல இடுக்கு அடைக்க வெச்சுக்கலாம். சுத்தியலால தட்டுனா 'டங்'குனு சத்தம் வரணும். 'பொத்'துனு மண்ணு மாதிரி உதிர்ற சுக்காங்கல்லை தொடவே தொடாதீங்க, ரெண்டு மழையில கரைஞ்சு கூண்டு காலியாயிடும்.

வலையைப் பத்தி ஒரு வார்த்தை. வேலிக்குப் போடற செயின்லிங்க்கை வாங்கிப் பெட்டியா மடிச்சுக் கட்டிக்கலாம், விலை கம்மின்னு ஹார்டுவேர் கடையில யோசனை சொல்லுவாங்க. வேண்டாம். காரணத்தைக் கையில பிடிச்சே பார்க்கலாம். செயின்லிங்க்ல ஒரு கம்பியை வெட்டி, நுனியைப் பிடிச்சு முறுக்கி இழுத்தீங்கன்னா மேல இருந்து கீழ வரைக்கும் பாம்பு மாதிரி உருவிக்கிட்டு வந்துரும், வேலி ரெண்டாப் பிரிஞ்சிரும். கேபியன் வலை அறுகோணக் கண்ணு. ரெண்டு கம்பி ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பின்னியிருக்கும். ஒண்ணை வெட்டினாலும் பக்கத்துக் கண்ணு பிடிச்சுக்கும். இதுக்குன்னே இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, ஐஎஸ் 16014. வாங்கறப்ப அந்த நம்பரைக் கேளுங்க. கம்பி கனம் 2.7 மில்லிமீட்டராவது இருக்கட்டும், விளிம்புக் கம்பி 3.4.

துத்தநாகப் பூச்சு நல்லா கனமா இருக்கணும். மேல மாமரம், கொய்யா, தென்னைன்னு வெச்சு உரம் விடுற நிலமா இருந்தா பிவிசி உறை போட்ட கம்பியே வாங்கிருங்க. அம்மோனியா கலந்த உரத் தண்ணி துத்தநாகத்தை அரிக்கும். ஆனா பிவிசி போட்டுட்டீங்கன்னா சுவரோரம் காஞ்ச புல்லைக் கொளுத்தற பழக்கத்தை விட்டுரணும். தீ பட்டா உறை உருகி, உள்ள இருக்கற கம்பி அம்மணமா நிக்கும்.

இப்ப கல்லு சுவருக்குப் பின்னாடி போடற துணிக்கு வர்றேன். இதுலதான் நான் ரொம்ப மெனக்கெட்டேன்.

தண்ணி வடியணும், மண்ணு வடியக்கூடாது. மண்ணும் சேர்ந்து வந்துச்சுன்னா சுவர் நிக்கும், ஆனா மேல தோட்டம் குழி விழுந்துரும். இதுக்கு ஜியோ டெக்ஸ்டைல்னு ஒரு துணி இருக்கு, கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கும். "அதெல்லாம் எதுக்குங்க, வீட்டுல இருக்கற நிழல்வலையைப் போடுங்க"ன்னு ஒருத்தர். "சிமென்ட் சாக்கைப் பிரிச்சுப் போட்டா போதும்"னு இன்னொருத்தர். "தார்ப்பாய் போடுங்க, சொட்டுத் தண்ணி வராது"ன்னு மூணாவது ஆளு. (அவருக்குச் சொட்டுத் தண்ணி வரணுங்கறதுதான் விஷயம்னு கடைசி வரைக்கும் புரிய வைக்க முடியல.)

சரி, பார்த்துரலாம்னு தண்ணிப் பாட்டிலோட அடிப்பக்கத்தை வெட்டி, கவுத்துப் பிடிச்சு, வாயில ஒவ்வொண்ணா கட்டி, எங்க நிலத்துச் செம்மண்ணைக் கரைச்சு ஊத்துனேன்.

நிழல்வலை: மண்ணு அப்படியே இறங்கிருச்சு. கீழ வெச்ச டம்ளர் டீ நிறம்.

சிமென்ட் சாக்கு: முதல்ல மெதுவா சொட்டுச்சு. கொஞ்ச நேரத்துல இழைக்கு நடுவுல களி அடைச்சு, தண்ணி மேலயே நின்னுருச்சு.

தார்ப்பாய்: சொல்லவே வேண்டாம்.

ஜியோ டெக்ஸ்டைல்: முதல் டம்ளர் லேசா கலங்கல். அடுத்தது தெளிவு. அதுக்கடுத்ததும் தெளிவு, தண்ணியும் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு.

நீங்களும் உங்க மண்ணை வெச்சுப் பண்ணிப் பாருங்க. ஒவ்வொரு நிலத்துக்கும் மண்ணு மாறும். கூண்டுச் சுவர்ல துணியை நேரா கல்லு முதுகுல ஒட்டிப் போட்டு மண்ணை நிரப்பலாம். பிளாக் சுவர்ன்னா துணிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு அடி அகலத்துக்கு 40 எம்எம் ஜல்லி. அடியில ஓட்டை போட்ட பைப். அப்புறம் சுவர்ல ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வடிகால் ஓட்டை. ஜல்லி போடாம ஓட்டை மட்டும் விட்டா, ரெண்டு வருஷத்துல மண்ணே அதை அடைச்சுரும்.

பாம்பு.

இதைக் கேக்காதவங்களே இல்ல. எங்க அம்மா முதல் நாளே கேட்டாங்க: "அத்தனை சந்து விட்டு வெச்சிருக்கியே, பாம்பு குடும்பம் நடத்துமே?"

நியாயமான பயம். நம்ம மாவட்டத்துல கண்ணாடி விரியனும் இருக்கு, சுருட்டை விரியனும் இருக்கு, கட்டுவிரியனும் இருக்கு. கல்லு இடுக்குல எலி, ஓணான் சேரும், அதைத் தேடி பாம்பு வரும். இதை மறைக்கக் கூடாது. அதனாலதான் நான் சொல்றது: வீட்டு வாசல், பின்கட்டு, துணி துவைக்கற இடம், குழந்தைங்க விளையாடற இடம், இதை ஒட்டி கம்பிக்கூண்டு வேண்டவே வேண்டாம். அங்க பிளாக் கட்டிப் பூசிருங்க. தோட்டத்து நடுவுல, மேட்டு ஓரத்துல கூண்டு வைங்க. முகப்பு இடுக்கை சின்னச் சில்லுக் கல்லால உள்பக்கம் இருந்து நெருக்கிக் கட்டுங்க. சுவர் ஓரத்துல புல்லு ஏறாம பார்த்துக்குங்க. தேங்கா மட்டை, விறகு எதையும் சாத்தி வைக்காதீங்க. ராத்திரி டார்ச் இல்லாம அந்தப் பக்கம் கை வைக்காதீங்க. (எங்க கூண்டுச் சுவர்ல கீரி ஒண்ணு அடிக்கடி வந்து போகுது. அம்மாவுக்கு அதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தெம்பு.)

அடுத்தது இடம். கூண்டு ஒரு மீட்டர் அகலம் சாப்பிடும். 30-க்கு 40 மனையில 40 அடிப் பக்கம் முழுக்க வெச்சா 130 சதுர அடி போச்சு. 1,200 சதுர அடி மனையில பத்துல ஒரு பங்குக்கும் மேல. தருமபுரி டவுன்ல, பாலக்கோடு, பென்னாகரம் லே-அவுட்டுல மனை வாங்கிக் கட்டறவங்களுக்கு இது கட்டுபடியாகாது. அங்க முறையா கம்பி கட்டுன கான்கிரீட் சுவரோ ஹாலோ பிளாக் சுவரோதான். ஏக்கர் கணக்குல தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

விலையை நான் இங்க எழுதல, ஆறு மாசத்துல மாறிடும். ஆனா பணம் எங்க போகுதுன்னு சொல்றேன். பிளாக் சுவர்ல அஸ்திவாரம், கம்பி, சிமென்ட். கூண்டுச் சுவர்ல கல்லு வண்டி வாடகை, அப்புறம் அடுக்கற கூலி. 30 அடி நீளத்துக்கு ஒரு மீட்டர் கூண்டு வெச்சா மூணு யூனிட்டுக்கு மேல கல்லு வேணும், 15 டன். அதை வெளிய இருந்து கொண்டு வந்தா கூண்டோட லாபமே போயிடும்.

நம்ம மாவட்டத்துல கல்லுக்குப் பஞ்சமா? உழுதா கல்லு, கிணறு வெட்டினா கல்லு, வரப்பு முழுக்க பொறுக்கிப் போட்ட கல்லு. கிணறு தோண்டுன பாறைச் சில்லு குவிஞ்சு கிடக்காத தோட்டம் எது? அதைத்தான் பயன்படுத்தணும். அதுக்காக மலையில போய்ப் பொறுக்காதீங்க, ஓடையில அள்ளாதீங்க. வனத்துறை நிலத்துல ஒரு கல்லு எடுத்தாலும் தப்பு. குவாரியில இருந்து வாங்கினா நடைச்சீட்டு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஓடைக் கல்லை எடுத்து ஒருத்தர் தோட்டத்தைக் காப்பாத்தினா, கீழ இருக்கற பத்துப் பேரு தோட்டம் அரிச்சுட்டுப் போகும்.

எங்க வேலையில கல்லு அடுக்க வந்த பெரியவர் ஒருத்தர், எழுபதைத் தாண்டினவர். சிமென்ட்டே தொடாம கல்லுக்கட்டு கட்டுனவர். கம்பிக்கூண்டைச் சுத்தி வந்து பார்த்தாரு.

"எங்க காலத்துல கம்பி இல்ல சாமி. நீளக்கல்லா பார்த்து மண்ணுக்குள்ள வாலை விட்டு வெப்போம். அது இழுத்துப் பிடிச்சுக்கும். செவுரு கொஞ்சம் மேட்டுப் பக்கம் சாஞ்சிருக்கணும், நேரா நின்னா நாளைக்கு இந்தப் பக்கம் சாயும்."

அப்புறம் ஒவ்வொரு கல்லையும் கையில திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டையான முகத்தை வெளிய வெச்சு, வால் பக்கத்தை உள்ள தள்ளி, ஆடுதான்னு கட்டைவிரலால அழுத்திப் பார்த்து, ஆடினா ஒரு சில்லு சொருகி, அடுத்ததுக்குப் போனாரு. அவர் அடுக்குன பெட்டிக்கு வலையே வேண்டியதில்லைங்கற மாதிரி நின்னுச்சு.

இப்ப இன்ஜினியருங்க கூண்டுச் சுவருக்குச் சொல்றதும் அதேதான்: மண்ணுப் பக்கம் 6 டிகிரி சாய்ச்சு வை, அதாவது ஒரு மீட்டருக்கு அரைச் சாண். முதல் வரிசையை ஒரு அடியாவது பூமிக்குள்ள இறக்கு. உயரத்துல பாதிக்கு மேல அடி அகலம் வை.

பெரியவர் மாதிரி ஆளு உங்க ஊர்ல இன்னும் இருந்தா, மூணடி வரைக்கும் கூண்டும் வேண்டாம், பிளாக்கும் வேண்டாம். அவரைக் கூப்பிட்டு, நல்ல கூலி கொடுத்து, கல்லுக்கட்டே கட்டச் சொல்லுங்க. கூடவே ரெண்டு இளவட்டங்களை நிறுத்தி கத்துக்கச் சொல்லுங்க. அந்தக் கை போயிட்டதாலதான் நமக்குக் கம்பி தேவைப்படுது. கல்லைக் கல்லு பிடிக்கற மாதிரி அடுக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டாங்க, அந்த வேலையை இப்ப வலை செய்யுது.

எங்க நிலத்துல என்ன பண்ணுனோம்னு நிறைய பேர் கேக்கறீங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஏழடி சரிவு. ஒரே சுவரா எழுப்பல. ரெண்டு படியா பிரிச்சோம். ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர் கூண்டு. ரெண்டு படிக்கும் நடுவுல ஏழடி இடம் விட்டு எலுமிச்சை வெச்சிருக்கோம். கீழ்ச்சுவர் உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி மேல்சுவர் வந்தாத்தான், மேல இருக்கறதோட பாரம் கீழ இருக்கறதுல விழாது. அதுக்குக் கம்மியா விட்டா ரெண்டு சின்னச் சுவர் சேர்ந்து ஒரு பெரிய சுவர்தான். வீட்டை ஒட்டி மட்டும் ரெண்டடி பிளாக், பின்னாடி ஜல்லி, பைப். மேல்மட்டத்துல இருந்து வர்ற மழைத்தண்ணி சுவர்கிட்டயே வராம, அதுக்கு முன்னாடியே ஒரு வாய்க்கால் வெட்டி பக்கவாட்டுல திருப்பி விட்டுட்டோம். இந்த வாய்க்காலுக்குச் செலவு ஒரு ஆளு கூலி. மொத்த வேலையில எனக்கு ரொம்பத் திருப்தி தந்தது அதுதான்.

தண்ணித் தொட்டியை சுவர் விளிம்புல வைக்காதீங்க, 1,000 லிட்டர் தொட்டின்னா ஒரு டன். டிராக்டரை விளிம்போரமா ஓட்டாதீங்க. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிக்கட்டும். சொட்டுநீர் பைப் சுவர் முதுகுல ஒழுகுதான்னு மாசம் ஒருக்கா பாருங்க, வெயில் காலத்துலயே மண்ணை ஊற வெச்சு சுவரைத் தள்ளுறது பல இடத்துல அந்த ஒழுகல்தான்.

அஞ்சடிக்கு மேல எது கட்டுறதா இருந்தாலும், பிளாக்கோ கூண்டோ, இந்தப் பதிவை நம்பிக் கட்டாதீங்க. மண்ணைப் பார்த்து வரைபடம் போட்டுத் தர ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அவர் வாங்கற காசு, விழுந்த சுவரை அள்ளிப் போடற கூலியை விடக் கம்மி.

மாமாகிட்ட திரும்பவும் பேசியிருக்கேன். கறைதான் பிரச்சினைன்னா பைப்பை நாலு இன்ச் வெளிய நீட்டி விட்டா தண்ணி சுவர்ல படாம தள்ளி விழும். அஞ்சு நிமிஷ வேலை. "பாக்கலாம்"னு சொல்லியிருக்காரு.

உங்க வீட்டுச் சுவர்லயும் யாராவது ஓட்டையை அடைச்சிருந்தா, ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி தொறந்து விட்டுருங்க. உளியும் சுத்தியலும் போதும்.